அழைப்பின் மறுமுனை

திருப்பூரில் ஒரு டி-சர்ட் ஒரே கூரையின் கீழ் உருவாவது குறைவு. நூல் ஓரிடத்தில் நிட்டிங் மெஷினில் துணியாகிறது. அந்தத் துணி ரோல் ரோலாக வண்டியேறிச் சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயம் ஏறிக் காய்ந்த துணி காம்பாக்டிங்குக்குப் போகிறது. அங்கிருந்து கட்டிங்குக்கு, கட்டிங் பீஸ் பிரிண்டிங்குக்கு, பிரிண்ட் ஆனது தையலுக்கு, தைத்தது காஜா பட்டனுக்கு, பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். பெரிய நிறுவனங்கள் சில இவற்றில் பலவற்றை ஒரே வளாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டன. ஆனாலும் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் இந்த ஊரின் பெரும்பகுதி இன்னமும் ஜாப் ஒர்க்கில்தான் நடக்கிறது. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவே ஒரு சாலை இருக்கிறது. அனுப்பர்பாளையம், வேலம்பாளையம், வீரபாண்டி, மங்கலம், நல்லூர் என்று சிதறிக் கிடக்கும் யூனிட்களை அவிநாசி ரோடும் பி.என். ரோடும் பல்லடம் ரோடும் காங்கயம் ரோடும்தான் ஒரு தொழிற்சாலையாகக் கட்டி வைத்திருக்கின்றன. அந்தச் சாலைகளில் ஓடும், குட்டி யானை எனப்படும் சிறிய சரக்கு வண்டிகளும், பின்சீட்டில் பண்டல் கட்டிய டூவீலர்களும், கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேன்களும் அந்தத் தொழிற்சாலையின் உறுப்புகள்.

ஒரே கட்டடமாக இருந்திருந்தால் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்கு எட்டிப் பார்த்துக் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை இங்கே செல்போனில் கேட்கிறார்கள். "ரோல் கிளம்பியாச்சுங்களா?", "எங்கப்பா வந்துட்டிருக்கற?", "டிசி-ல எத்தன பீஸ் போட்டிருக்கு?" இந்தக் கேள்விகள் போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் ஒரு ஸ்டியரிங்குக்கோ ஹேண்டில்பாருக்கோ பின்னால் இருக்கும் மனிதரின் காது. ஓட்டும்போது போன் பேசுவதை ஒழுக்கக் குறைவாக, அசட்டுத் துணிச்சலாக, பொழுதுபோக்காகப் பார்ப்பதே வழக்கம். திருப்பூர் போன்ற தொழில் நகரத்தில் அது பல நேரம் வேலையின் ஒரு பகுதி. அதனால் காவல்துறை எப்படிப் பிடிக்க வேண்டும் என்ற கேள்வியோடு நிற்க முடியாது; அழைப்பது யார் என்றும் கேட்டாக வேண்டும். சட்டத்தின் கண்ணுக்குக் கை தெரியும். ஆபத்தோ பெரும்பகுதி மனத்தில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியைச் சாலையில் நிற்கும் காவலரால் மட்டும் அடைக்க முடியாது, அழைப்பின் மறுமுனையில் இருப்பவரும் சேர்ந்துதான் அடைக்க முடியும் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம்.

முதலில் கண். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 11 மீட்டர். யார் கூப்பிடுகிறார்கள் என்று திரையை இரண்டு விநாடி பார்த்தால் 22 மீட்டர் தூரம் பார்வையில்லாமல் கடந்துவிடும். பஞ்சு மூட்டையோடு தள்ளுவண்டி குறுக்கிடவும், ஷிப்ட் விட்டு வரும் பெண்கள் கூட்டமாகச் சாலையைக் கடக்கவும் அந்த 22 மீட்டர் போதும். அமெரிக்காவில் வெர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் லாரிகளில் கேமரா பொருத்தி ஓட்டுநர்களின் கண் எங்கே போகிறது என்று பதிவு செய்தார்கள். 2009இல் வெளியான அந்த ஆய்வின்படி, குறுஞ்செய்தி அனுப்பும் ஓட்டுநரின் கண் ஆறு விநாடிகளில் 4.6 விநாடி சாலையில் இருக்கவில்லை. விபத்தோ, விபத்தை நெருங்கிய நிலையோ ஏற்படும் வாய்ப்பு 23 மடங்கு கூடியது. 2020 பிப்ரவரி 20ஆம் தேதி அதிகாலை அவிநாசி அருகே கன்டெய்னர் லாரி ஒன்று நடுத்தடுப்பைத் தாண்டி வந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்ற கேரள அரசுப் பேருந்தில் மோதி 19 பேர் இறந்ததை இந்த வட்டாரம் மறந்திருக்காது. அங்கே பேசப்பட்ட காரணம் போன் அல்ல, லாரி ஓட்டுநரின் தூக்கம். ஆனால் சாலைக்கு அந்த வேறுபாடு தெரியாது. மூடிய கண்ணும் திரையில் பதிந்த கண்ணும் அதற்கு ஒன்றே.

கண் சாலையிலேயே இருந்தால் போதுமா? போதாது என்று சொல்வதே இந்தத் துறை கண்டறிந்த முக்கியமான உண்மை. யூட்டா பல்கலைக்கழக உளவியலாளர் டேவிட் ஸ்ட்ரேயரும் அவரது குழுவினரும் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் ஓட்டுநர்களை வாகனம் ஓட்டுவதைப் போன்ற சூழலைத் தரும் சிமுலேட்டரில் அமர்த்திப் பல சோதனைகள் செய்தார்கள். கையில் போன் பிடிக்காமல் பேசியவர்களும் எதிரே இருந்த பொருள்களை நேராகப் பார்த்தார்கள். கண்ணின் நகர்வைப் பதிவு செய்த கருவி அதை உறுதி செய்தது. பிறகு கேட்டபோது, தாங்கள் பார்த்தவற்றில் பலவற்றை அவர்களால் நினைவுகூர முடியவில்லை. கண்ணில் விழுந்தது கருத்தில் பதியவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 2008இல் நடந்த மூளைப் படப்பிடிப்பு ஆய்வு இதன் உள்வேலையைக் காட்டியது. ஓட்டிக்கொண்டே ஒரு வாக்கியத்தைக் கேட்டு அது சரியா தவறா என்று தீர்மானிக்கச் சொன்னபோது, இடத்தையும் தூரத்தையும் கணக்கிடும் மூளைப் பகுதியில் ஓட்டுவது தொடர்பான செயல்பாடு 37 சதவீதம் குறைந்தது. அவர்கள் பேசக்கூட இல்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். மொழியும் ஓட்டுதலும் மூளையில் வெவ்வேறு இடங்களைச் சேர்ந்தவை என்றாலும், இரண்டும் ஒரே கவனச் சேமிப்பிலிருந்துதான் செலவு செய்கின்றன. "எத்தன பீஸ் ஏத்துன?" என்ற கேள்விக்கு விடை சொல்ல, லோடு ஏற்றிய காட்சியை மனத்தில் மீண்டும் ஓட்டிப் பார்க்க வேண்டும். அந்த நொடியில் ஓட்டுநரின் மனம் பட்டறை வாசலில் இருக்கிறது, வண்டி பல்லடம் ரோட்டில் இருக்கிறது.

அப்படியானால் பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசுவதும் ஆபத்துதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, அதையும் சோதித்திருக்கிறார்கள். யூட்டா குழு 2008இல் வெளியிட்ட ஆய்வில், ஓட்டுநர்கள் சில மைல் சென்றபின் குறிப்பிட்ட ஓய்விடத்தில் திரும்ப வேண்டும். போனில் பேசியவர்களில் பாதிப்பேர் அந்தத் திருப்பத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்திலிருந்த நண்பரோடு பேசியவர்களில் பெரும்பான்மையோர் சரியாகத் திரும்பினார்கள். காரணத்தை நம் சாலைகளிலும் காணலாம். பக்கத்தில் இருக்கும் கிளீனர் குறுக்கே மாடு வந்தால் பேச்சை நிறுத்துவார், "அண்ணா, பாத்து" என்று எச்சரிப்பார். அவரும் அதே சாலையில் இருக்கிறார். போனின் மறுமுனையில் இருப்பவருக்கு மாடும் தெரியாது, பேருந்தும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் பதில் வரத் தாமதமாகிறது என்பதுதான். அதனால் இன்னும் ஒருமுறை, இன்னும் சத்தமாகக் கேட்பார். சாலையைப் பார்க்காத ஒருவர் சாலையில் இருப்பவரின் கவனத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கிறார். போன் பேச்சின் தனி ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

இதனால் விபத்து உண்மையிலேயே கூடுகிறதா? 1997இல் டொராண்டோ நகரில் ரெடல்மையர், டிப்ஷிரானி என்ற இருவர் நுட்பமான ஒரு வழியைக் கையாண்டார்கள். விபத்தில் சிக்கிய, செல்போன் வைத்திருந்த 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை எடுத்து, விபத்துக்குச் சற்று முன்பு பேசினார்களா, முந்தைய நாள் அதே நேரத்தில் பேசினார்களா என்று ஒப்பிட்டார்கள். ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டதால், பொறுப்பானவர், துடுக்கானவர் என்ற வேறுபாடு கணக்கைக் கெடுக்கவில்லை. பேசும்போது விபத்து வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. 2005இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், காயத்தோடு மருத்துவமனைக்கு வந்த ஓட்டுநர்களை வைத்து இதே முறையில் செய்த ஆய்விலும் நான்கு மடங்கே வந்தது. கையில் பிடித்தவர்களுக்கும் பிடிக்காமல் பேசியவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எல்லா ஆய்வுகளும் ஒரே எண்ணைச் சொல்வதில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 3,500க்கு மேற்பட்ட ஓட்டுநர்களைக் கேமராவில் கண்காணித்து 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு, கையில் பிடித்துப் பேசுவதற்கு இரண்டு மடங்கு, செய்தி தட்டுவதற்கு ஆறு மடங்கு, எண்ணை அழுத்துவதற்குப் பன்னிரண்டு மடங்கு என்று தரம் பிரித்தது. எண்கள் மாறினாலும் வரிசை தெளிவாக இருக்கிறது: திரையைப் பார்ப்பது மிக மோசம்; பேசுவது அதைவிடக் குறைவு; ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டு பேசினால் ஆபத்தே இல்லை என்பதற்கு ஆதாரம் இல்லை.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு அபாயகரமாக ஓட்டுவதைப் பற்றியது. 2019 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தம், கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவதை அந்தப் பிரிவுக்குள் பெயர் சொல்லிச் சேர்த்தது. முதல் குற்றத்துக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க அதில் இடமுண்டு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் வந்த அரசாணைக்குப் பிறகு முதல்முறை 1,000 ரூபாய், மீண்டும் செய்தால் 10,000 ரூபாய். உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு, ஓட்டும்போது போன் பேசுவோரின் உரிமத்தைக் குறைந்தது மூன்று மாதம் முடக்கும்படி 2015இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. வழி காட்டுவதற்கு மட்டும், கவனம் சிதறாத வகையில் கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020இல் விதி திருத்தப்பட்டது. இவையெல்லாம் கையைப் பார்த்து எழுதப்பட்டவை. மனம் எங்கே போனது என்பதை நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. கையில் போன் இருந்ததைப் புகைப்படம் நிரூபிக்கும். அதனால் சட்டம் கையைப் பிடித்தது தவறல்ல. கை போகும் இடத்துக்குக் கண்ணும் போகிறது என்பதால், மிக மோசமான பகுதியை அது உண்மையில் குறி வைக்கிறது. சட்டம் அனுமதித்ததெல்லாம் பாதுகாப்பானது என்று நாம் எடுத்துக்கொள்ளும்போதுதான் தவறு நேர்கிறது.

அபராதத்தை இன்னும் ஏற்றினால் என்ன என்பது அடிக்கடி எழும் குரல். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு குட்டி யானை ஓட்டுநர் ஓட்டிக்கொண்டே நாளைக்கு 20 அழைப்புகளை எடுக்கிறார், ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 6,000 அழைப்புகள். ஆண்டுக்கு ஒருமுறை பிடிபட்டு 1,000 ரூபாய் கட்டினால், ஓர் அழைப்புக்கு விழும் அபராதம் 17 காசு. அபராதத்தைப் பத்து மடங்கு ஆக்கினாலும் இரண்டு ரூபாயைத் தொடாது. அழைப்பை எடுக்காவிட்டால் அடுத்த லோடு வேறு வண்டிக்குப் போய்விடும். இந்த நிலையில் 10,000 ரூபாய் என்ற எண் அச்சுறுத்துவதைவிட, என்றோ ஒருநாள் வரும் கெட்ட நேரம் என்ற நினைப்பையே விதைக்கும். தண்டனையின் கொடுமையைவிட அதன் நிச்சயமே குற்றத்தைத் தடுக்கும் என்று இத்தாலியச் சிந்தனையாளர் பெக்காரியா 1764இலேயே எழுதினார். பழக்கம் எப்படி உருவாகிறது என்பதை ஆராய்ந்த உளவியலும் அதையே சொல்கிறது. 5,999 முறை எதுவும் நடக்காமல் போன அனுபவம் மனத்துக்குக் கற்றுத்தரும் பாடத்தை, ஒரே ஒருமுறை விழுந்த பெரிய அடி அழித்துவிடாது. சிறியதாக இருந்தாலும் அடிக்கடி, உடனுக்குடன் வரும் விளைவுதான் பழக்கத்தை மாற்றும்.

நியூயார்க் மாநிலம் இதற்கு நல்ல சான்று. அமெரிக்காவிலேயே முதலாவதாக அங்கே 2001இல் கைபேசித் தடை வந்தது. தடைக்கு முன் ஓட்டுநர்களில் 2.3 சதவீதம் பேர் கையில் போனோடு ஓட்டினார்கள். சில மாதங்களில் அது 1.1 ஆகக் குறைந்தது. 2003 தொடக்கத்தில் மீண்டும் 2.1க்கு ஏறிவிட்டது. சட்டம் அப்படியேதான் இருந்தது. பிடிப்பார்கள் என்ற எதிர்பார்ப்புதான் தேய்ந்துபோனது. அதே மாநிலத்தின் சிராக்யூஸ் நகரிலும், பக்கத்து மாநிலமான கனெக்டிகட்டின் ஹார்ட்ஃபர்ட் நகரிலும் 2010, 2011இல் வேறொரு முயற்சி நடந்தது. முன்கூட்டியே விளம்பரம் செய்து, குறிப்பிட்ட வாரங்களில் போலீஸார் சாலையெங்கும் நின்று போன் பேசுவோரை மட்டும் பிடித்தார்கள். இப்படி நான்கு சுற்று. ஹார்ட்ஃபர்டில் கைபேசிப் பயன்பாடு 57 சதவீதமும் சிராக்யூஸில் 32 சதவீதமும் குறைந்தது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019 டிசம்பரில் போனைக் கண்டுபிடிக்கும் கேமராக்களை நிறுவியது. சாலைக்கு மேலிருந்து எடுக்கும் படத்தைக் கணினி முதலில் சலிக்கும், பிறகு மனிதர் பார்த்து உறுதி செய்வார். முன்னோட்டத்திலேயே 85 லட்சம் வாகனங்களைப் பார்த்து ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டுநர்களைக் கண்டது. உடனே அபராதம் போடாமல் முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும் அனுப்பினார்கள். பார்க்கப்படுகிறோம் என்ற அறிவை முதலில் தந்தார்கள், தண்டனை பின்னால் வந்தது.

திருப்பூருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள இருப்பது நிறைய. மாநகரக் காவல் ஆணையரகம் 2014 முதல் இருக்கிறது. மின்னணுக் கண்காணிப்புக்கான 167ஏ விதி 2021இல் வந்துவிட்டது. அங்கீகரிக்கப்பட்ட கேமராப் பதிவை வைத்து அறிவிப்பு அனுப்பலாம், பதினைந்து நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்று அது வகுத்திருக்கிறது. புஷ்பா தியேட்டர் சந்திப்பில் எந்நேரமும் நிற்கும் ஒரு காவலரைவிட, எந்த நாள் எந்த ரோட்டில் என்று தெரியாதபடி, ஆனால் இந்த மாதம் போனுக்கான மாதம் என்று ஊரறியச் சொல்லி நடக்கும் சோதனை பயன் தரும். நின்ற இடத்திலேயே நிற்கும் சோதனையை ஓட்டுநர்கள் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அந்த நூறு மீட்டருக்கு மட்டும் போன் பாக்கெட்டுக்குள் போகும். சிக்னலில் நிற்கும்போது போனைப் பார்ப்பவர்களையும் சோதனை விட்டுவிடக் கூடாது. வாகனத்தில் குரலால் கட்டளையிடும் கருவிகளைச் சோதித்த யூட்டா குழு, வேலை முடிந்த பிறகும் கவனம் முழுதாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்று 2015இல் கண்டது. 40 கிலோமீட்டர் வேகத்தில் அது 300 மீட்டர்.

இனி மறுப்புகள். முதலாவது, போனால் சாகிறவர்கள் மிகக் குறைவு, வேகத்தைக் கவனியுங்கள் என்பது. 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில், போன் காரணம் என்று பதிவானவர்கள் 3,395 பேர், இரண்டு சதவீதம்தான். அதிக வேகத்தின் கணக்கில் எழுபது சதவீதத்துக்கு மேல். ஆனால் முந்தைய ஆண்டு போனின் கணக்கில் இருந்தது 1,040. ஒரே ஆண்டில் மக்களின் பழக்கம் மூன்று மடங்கு ஆகியிருக்காது. எழுதும் முறை மாறியிருக்கும் என்று கொள்வதே பொருத்தம். மோதிய வண்டியின் சேதத்திலிருந்து வேகத்தை ஊகிக்கலாம். மோதும் நொடியில் ஓட்டுநர் யாரோடு பேசினார் என்பதை அழைப்புப் பதிவை வாங்கிப் பார்த்தால்தான் அறிய முடியும். இரண்டு சதவீதம் என்பது ஆபத்தின் அளவு அல்ல, நாம் தேடிப் பார்த்ததன் அளவு. இரண்டாவது மறுப்பு, அபராதம் வசூலுக்கான வழியாகிவிடும் என்பது. அந்த ஐயத்துக்கு இடம் கொடுக்காமல் இருப்பது அரசின் கடமை. புகைப்படத்தோடு கூடிய இ-சலான், கையில் பணம் வாங்காமை, முதல்முறைக்கு எச்சரிக்கை, எத்தனை பேர் பிடிபட்டார்கள் என்பதை மாதந்தோறும் வெளியிடுவது ஆகியவை நம்பிக்கையை வளர்க்கும். அந்த எண் குறைந்துகொண்டே வந்தால்தான் திட்டத்துக்கு வெற்றி என்று முதலிலேயே அறிவித்துவிட வேண்டும்.

மூன்றாவது மறுப்பே கனமானது. லோடு கணக்கில் சம்பாதிக்கும் ஓட்டுநர் அழைப்பை எடுக்காமல் எப்படிப் பிழைப்பார்? அவரால் முடியாது என்பது உண்மை. அதனால்தான் பொறுப்பு அவரோடு முடியக் கூடாது. அமெரிக்காவில் 2012 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதி, சரக்கு வாகன ஓட்டுநர் கைபேசி பயன்படுத்தினால் 2,750 டாலர் வரையிலும், அவரைப் பயன்படுத்தச் சொன்ன அல்லது அனுமதித்த நிறுவனத்துக்கு 11,000 டாலர் வரையிலும் அபராதம் வைத்தது. நம் சட்டத்திலும் விதை இருக்கிறது. 184ஆம் பிரிவுக் குற்றத்துக்குத் துணைபோனவருக்கும் அதே தண்டனை உண்டு என்று 188ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தே அழைத்தார் என நிரூபிப்பது எளிதல்ல என்பதால், வழக்குகளை நம்பிக் காத்திருக்கத் தேவையில்லை. தொழிலுக்குள்ளேயே வழி இருக்கிறது.

அந்த வழியைத் திருப்பூர் ஏற்கெனவே அறியும். ஏற்றுமதி யூனிட்டில் தையல் ஊசி உடைந்தால், டைலர் மெஷினை நிறுத்தி, உடைந்த துண்டுகள் அனைத்தையும் தேடி எடுத்து ஒப்படைக்க வேண்டும். அவற்றைப் பதிவேட்டில் ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிய பிறகே புது ஊசி கிடைக்கும். துண்டு கிடைக்காவிட்டால் அந்த இடத்திலுள்ள பீஸ்களை ஒதுக்கி மெட்டல் டிடெக்டரில் விடுவார்கள். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தையின் தோலில் ஊசிமுனை குத்திவிடக் கூடாது என்பதற்காக இத்தனையும். ஷிப்மென்ட் அவசரத்திலும் யாரும் இதை விட்டுக்கொடுப்பதில்லை. டைலரைப் பயமுறுத்தி இது சாத்தியமாகவில்லை. ஒவ்வொரு முறையும் தவறாமல் நடக்கும் சிறிய சோதனையாலும், ஊசி உடைவதை ஒருவரின் குற்றமாகப் பார்க்காமல் அமைப்பின் பொறுப்பாக எடுத்துக்கொண்டதாலும் நடந்தது. யூனிட்டின் வாசலைத் தாண்டியதும் இந்த ஒழுங்கு நின்றுவிடுகிறது. பதிவேட்டில் ஊசித்துண்டுக்கு இடம் இருக்கிறது, அதே பீஸை ஏற்றிச் செல்பவருக்கு இல்லை.

சேர்ப்பது கடினமல்ல. சரக்கோடு போகும் டெலிவரி சலானில், அதாவது டிசி-யில், புறப்பட்ட நேரத்தையும் சேர வேண்டிய நேரத்தையும் எழுதினால் பாதி அழைப்புகளுக்கு வேலை இருக்காது. ஏற்றியதும் ஒரு அழைப்பு, இறக்கியதும் ஒரு அழைப்பு, நடுவில் இல்லை என்று கம்பெனியும் ஜாப் ஒர்க் யூனிட்டும் பேசி வைத்துக்கொள்ளலாம். வண்டி எங்கே என்று அறிய வேண்டுமானால், புறப்படும்போதே இருப்பிடத்தைப் பகிர்ந்துவிட்டால் ஓட்டுநரைக் கேட்காமலே வரைபடத்தில் பார்க்கலாம். அழைப்பை எடுக்காததற்காக லோடு மறுக்கப்படாது என்பதை முதலாளி வாயால் சொல்ல வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் சொல்ல வேண்டியது அதுதான். காவல்துறை சாலையில் தன் பங்கைத் தவறாமல் செய்யட்டும். இந்த அத்தியாயத்தைப் படிப்பவர் கையிலும் ஒரு போன் இருக்கும். அடுத்த முறை அழைக்கும்போது பின்னணியில் ஹாரன் சத்தம் கேட்டால், கேட்க வந்ததைக் கேட்க வேண்டாம். "வண்டிய நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, நீங்களே முதலில் துண்டித்துவிடுங்கள்.